முன்சீட்டுப் புகை

ஜீப்பு ஸ்டாண்டில் என்னை 'ரிட்டயர்டு' என்றுதான் கூப்பிடுகிறார்கள். எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. தலையில் ஒரு நரை கிடையாது. போன மழைக்காலம் முடிந்ததும் சாவியை முதலாளி கையில் கொடுத்துவிட்டு வந்தேன், அதற்குப் பிறகு ஸ்டீரிங்கைத் தொடவில்லை. இப்போது போடியில் ஒரு ஏலக்காய்க் கிட்டங்கியில் மூட்டை தைக்கிறேன். மத்தியானம் டீ குடிக்க ஸ்டாண்டுப் பக்கம் போனால், "வாங்க ரிட்டயர்டு, பென்சன் வந்துருச்சா?" என்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

டிரைவர்கள் சங்கத்தில் ஆண்டு விழாவுக்கு மலர் போடுகிறார்களாம். பழைய ஆட்கள் அனுபவத்தை எழுதித் தர வேண்டும் என்றார்கள். "நான் என்ன பழைய ஆளா?" என்று கேட்டேன். "வேலைய விட்டவன் எல்லாம் பழைய ஆளுதான், எழுதுய்யா" என்றார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். மாயி வந்து அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

மாயி என் வயதுக்காரன். புதிதாக லைசன்சு எடுத்து, சொந்தமாக ஒரு பழைய பெட்ரோல் ஜீப்பு வாங்கியிருக்கிறான்.

"பாண்டி, என் வண்டியில மேனிபோல்டு விரிசல் விட்டுப்போச்சு. மதுரையில குழாய் வளைச்சுப் புது மாதிரி செஞ்சு தர்றாகளாம்ல. வாங்கி நாமளே மாட்டிரலாமா, பட்டறையில குடுத்துரலாமா?"

"யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்து வந்துவிட்டேன். டீயைக்கூட முழுதாகக் குடிக்கவில்லை.

வண்டி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எஞ்சினில் பெட்ரோல் எரிந்து வருகிற சூட்டுப் புகையை வாங்கி, அடியில் போகிற சைலன்சர் குழாய்க்கு அனுப்புகிற இரும்புதான் மேனிபோல்டு. கம்பெனியில் போட்டு வருவது ஒரே வார்ப்பு. மதுரைப் பட்டறைகளில் செய்வது தனித்தனிக் குழாய்களாக வளைத்து, கீழே ஒன்றாகச் சேர்த்துப் பற்றவைத்தது. அதைப் போட்டால் வண்டி மூச்சு வாங்காமல் மேடு ஏறும் என்பார்கள். போடியில் அதைக் கையால் மாட்டிய முதல் ஆட்கள் நானும் தவசியும்தான் என்று நினைக்கிறேன். வேறு யாராவது எங்களுக்கு முன்னால் மாட்டியிருந்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தவசி என் தங்கச்சி பேச்சியைக் கட்டியவன். போன ஐப்பசியில் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். கண் மஞ்சளாக இருக்கிறது என்று நாங்கள் சொன்னபோது, "ஏலக்காய்த் தூசிடா மச்சான்" என்று சிரித்தான். அதை விட்டுவிட்டு வேலையைப் பற்றி எழுதுகிறேன்.

பத்து வருஷத்துக்கு முன்னால், எழுபதுகளின் கடைசியில், இரண்டு பேரும் ஒன்றாகத்தான் ஜீப்பு கழுவப் போனோம். கழுவினோம், தண்ணி ஊற்றினோம், லோடு ஏற்றினோம், திட்டு வாங்கினோம், ஒரு நாள் ஸ்டீரிங் கையில் வந்தது. அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றும் இல்லை. பிறகு சவரிமுத்து முதலாளியிடம் சேர்ந்தோம். அவருக்குப் போடியில் ஏலக்காய் வியாபாரம், போடிமெட்டுக்கு மேலே ஒரு தோட்டம். காலையில் போடியிலும் ராசிங்காபுரத்திலும் காய் எடுக்கிற பெண்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போவோம், சாயங்காலம் இறக்கிவிடுவோம். ஒருவன் ஓட்டினால் இன்னொருவன் பின்னால் தொங்கிக்கொண்டு வருவான்.

முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. நாம் போய் ஒரு கெட்ட செய்தியைச் சொன்னால் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைப்பார். "அப்புறம்?" என்பார். நாம் கொஞ்சம் சொல்வோம். மறுபடி "அப்புறம்?" சொல்லாமல் மறைத்து வைத்ததெல்லாம் அந்த ஒரு சொல்லில் வெளியே வந்துவிடும். அவர் திட்டினால் தேவலை என்று இருக்கும்.

எங்கள் வண்டியில் ஒரு வழக்கம் இருந்தது. டிரைவருக்குப் பக்கத்து முன்சீட்டு மாசமாக இருக்கிற பெண்ணுக்கு. யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்து தூக்கிப்போடுகிற இடத்தில் வயிற்றுப் பிள்ளைக்காரியை வைக்கக் கூடாது என்று பெண்களே வைத்துக்கொண்டது. அது ஒரு மரியாதை. அந்தச் சீட்டில் ஏறினால் ஊருக்கே சேதி தெரிந்துவிடும். சில மாமியார்கள் மருமகளை அங்கே ஏற்றிவிடுவதற்கென்றே ஸ்டாண்டு வரைக்கும் வருவார்கள்.

ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் மழை பிடித்துக்கொண்டபோது முன்சீட்டு பேச்சிக்கு. அவளுக்கு முதலில் ஒன்று வயிற்றில் தங்காமல் போயிருந்தது. இது இரண்டாவது. தவசி வெளியில் காட்டிக்கொள்ள மாட்டான், ஆனால் அவள் ஏறும்போது சீட்டைத் துண்டால் துடைப்பான். வளைவில் என்னிடம் ஸ்டீரிங்கைத் தர மாட்டான், தானே ஓட்டுவான்.

பேச்சி தினமும் மேடு ஏறும்போது வாந்தி எடுத்தாள். தலை சுற்றுகிறது என்றாள். மலையில் அது பெரிய விஷயமே இல்லை. வளைவுக்கு வளைவு யாராவது ஒருத்தி தலையை வெளியே நீட்டுவாள். ஆளாளுக்கு மடியில் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கும். போதாதற்கு இவள் மாசமானவள்.

"அவளுக்கு ரொம்ப முடியல பெரியாத்தா" என்று தவசி வெள்ளத்தாயியிடம் சொன்னான். வெள்ளத்தாயி எங்கள் வண்டியில் மூத்தவள், வாய்க்குப் பூட்டு இல்லாதவள்.

"மாசமா இருக்கிறவ வாந்தி எடுக்காம பாட்டா படிப்பா? நீ ரோட்டப் பாத்து ஓட்டுடா."

அப்படியே விட்டுவிட்டோம். மழைக்காகச் சுற்றிலும் தார்ப்பாயை இறக்கிக் கட்டியிருந்தோம். டிரைவர் பக்கம் மட்டும் கை காட்டுவதற்குத் திறந்திருக்கும். பேச்சி சில நாள் மேட்டில் இறங்கும்போது காலை ஊன்ற முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "எனக்கென்னமோ பயமா இருக்குண்ணே" என்றாள். "போன தடவையும் இப்படித்தான் இருந்துச்சு" என்றாள்.

ஒரு நாள் வெள்ளத்தாயிக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. பின்னால் ஏற முடியவில்லை. பேச்சியே இறங்கி, "நீங்க முன்னாடி உக்காருங்க, நான் பின்னாடி வர்றேன்" என்று இடம் கொடுத்தாள். வெள்ளத்தாயி இத்தனை வருஷத்தில் மலை ஏறி ஒரு தடவை வாந்தி எடுத்ததில்லை. அதைச் சொல்லிச் சொல்லியே மற்றவர்களைக் கேலி செய்வாள். அன்றைக்குப் பாதி மேடு தாண்டவில்லை, "ஏலே நிறுத்துடா, தல வெடிக்குது" என்று கத்தி, வண்டி நிற்பதற்குள் தார்ப்பாயிலேயே எடுத்துவிட்டாள்.

தவசி சும்மா இருப்பானா? "என்ன பெரியாத்தா, சொல்லவே இல்ல? எத்தன மாசம்?"

வண்டியே ஆடுகிற மாதிரி பெண்கள் சிரித்தார்கள். "கட்டையில போற வயசுல எனக்கு மசக்கையாடா, நாசமாப் போறவனே" என்று வெள்ளத்தாயி வாயைத் துடைத்துக்கொண்டு திட்டினாள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது பேச்சி. பின்னால் உட்கார்ந்து வறுத்த கடலை தின்றுகொண்டிருந்தாள்.

தவசி திரும்பி அவளைப் பார்த்தான். கையில் கடலை. அப்புறம் வெள்ளத்தாயியைப் பார்த்தான். அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

எஞ்சினை அணைக்காமல் இறங்கிப் பானட்டைத் திறந்தான். "மச்சான், ஒரு சாக்க நனைச்சுக் கொண்டா, வெரசா." ஓடையில் நனைத்துக் கொண்டுபோனேன். "பின்னாடி சைலன்சர் வாய அடைச்சுப் பிடி." அடைத்துப் பிடித்தேன். புகை போக வழியில்லாமல் போனதும் எஞ்சின் பக்கம் 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வந்தது. நல்ல பாம்பு மாதிரி. நானும் போய்ப் பார்த்தேன். மேனிபோல்டுக்கு அடிப்பக்கம், குனிந்து தலையைத் திருப்பினால்தான் தெரிகிற இடத்தில், மயிர் கனத்துக்கு ஒரு கோடு. அதற்கு நேர் பின்னால் எஞ்சினுக்கும் சீட்டுக்கும் நடுவில் இருக்கிற பலகையில் ஒயர் போவதற்காக ஒரு ஓட்டை. ஓட்டைக்கு அந்தப் பக்கம் முன்சீட்டு.

மரியாதை என்று நினைத்து, மாசமானவளாகப் பார்த்துப் பார்த்துப் புகைக்குள் உட்காரவைத்திருக்கிறோம். வாந்தி எடுத்தால் மசக்கை என்றோம். மசக்கை இல்லாதவள் எடுத்தால் வளைவு என்றோம்.

அன்று சாயங்காலமே வண்டியைப் பட்டறையில் விட்டோம். காய் எடுக்கிற காலம், வரிசையாக ஜீப்புகள் நின்றன. மறுநாள் காலை மேஸ்திரி டார்ச்சு அடித்துப் பார்த்தார். கோட்டைக் காணோம். எங்களுக்கே காணோம். இரும்பு ஆறினால் விரிசல் மூடிக்கொள்கிறது, சூடேறினால் வாயைத் திறக்கிறது. அது எங்களுக்கு அப்போது தெரியாது. "பொம்பளைக வாந்தி எடுத்தா அதுக்கும் மேனிபோல்டாய்யா?" என்று சிரித்துக்கொண்டே நட்டுகளை முறுக்கி, பசையைத் தடவிக் கொடுத்தார். மேடு ஏறப் பாதியிலேயே பசை காய்ந்து உதிர்ந்தது. மேஸ்திரியைக் குறை சொல்ல மாட்டேன். அவர் வண்டியைக் கீழே போடியில் பார்த்தார், சீக்கு மேட்டில் இருந்தது.

தவசி முன்சீட்டில் அரிசி மூட்டையைத் தூக்கி வைத்துக் கயிறு போட்டுக் கட்டிவிட்டான். "இனிமே இங்க ஆளு கிடையாது." அதற்கு வந்த சண்டை கொஞ்சம் இல்லை. அப்போதுதான் மாசமாகியிருந்த ஒருத்தியின் மாமியார் ஸ்டாண்டில் வந்து நின்றுகொண்டு, "ஒம் பொண்டாட்டி மட்டும் ராணியாட்டம் போனா, எம் மருமகளுக்கு அரிசி மூடையா?" என்று கையை நீட்டிக் கேட்டாள். புகை வருகிறது என்று சொன்னால் நம்புவார் இல்லை. "நீ ஓட்டுறயே, ஒனக்கு வரலயா வாந்தி?" என்றார்கள். பேச்சியைப் பின்னால் ஏற்றினால் குலுக்கல், முன்னால் ஏற்றினால் புகை. அவளோ வேலைக்குப் போகாமல் இருக்க மாட்டேன் என்கிறாள்.

முதலாளியிடம் போனோம். தவசி சொன்னான். கண்ணாடி வேட்டி நுனிக்கு வந்தது. "அப்புறம்?" வெள்ளத்தாயி கதையைச் சொன்னான். "அப்புறம்?" பசை உதிர்ந்ததைச் சொன்னான். "அப்புறம்?" மதுரையில் குழாய் மேனிபோல்டு செய்கிறார்கள், அது விரிசல் விடாது என்று கேள்விப்பட்டதைச் சொன்னான்.

"வாங்கு. நல்ல பட்டறையில குடுத்து மாட்டு."

"பட்டறை வேணாம் முதலாளி. நாங்களே மாட்டிக்கிறோம்."

"ஏன்?"

தவசி கீழே பார்த்துக்கொண்டு சொன்னான். "பட்டறைக்காரர் வீட்டுப் பொம்பள அந்தச் சீட்டுல உக்காரப் போறதில்ல முதலாளி."

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அப்பச் சரி. மாட்டுனதும் மொத நட முன்சீட்டுல நான் வர்றேன். தார்ப்பாய எல்லாம் எறக்கிக் கட்டணும்."

தவசி மதுரை போய் ரயிலில் கொண்டுவந்தான். சாக்கைப் பிரித்ததும் வெள்ளத்தாயி எட்டிப் பார்த்து, "என்னடா எரும மடியத் தூக்கிட்டு வந்திருக்க?" என்றாள். நிஜமாகவே மடி மாதிரிதான் இருந்தது, குழாய் குழாயாக. அதிலிருந்து எங்களுக்குள் அதற்கு 'மடி' என்றே பேர்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதலாளியின் கிட்டங்கிக்குப் பின்னால் காய் காயப்போடுகிற களத்தில் ஆரம்பித்தோம். முந்தின நாளே நட்டுகளுக்கெல்லாம் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்திருந்தோம். வரிசையாகக் கழன்று வந்தது, கடைசி ஒன்று மட்டும் அசையவில்லை. நான் பலமாக ஒரு இழுப்பு இழுத்தேன். 'டொக்.' நட்டு மட்டும் இல்லை, அது மாட்டியிருக்கிற ஸ்டட்டும் சேர்ந்து முறிந்தது. எஞ்சினுக்குள் விரல் நகம் அளவு மீதி நீட்டிக்கொண்டு நின்றது.

அதை எடுக்க முடியாவிட்டால் எஞ்சினையே இறக்க வேண்டும்.

தவசி, "ஒரு பீடி குடிச்சிட்டு வா, போ" என்றான். நான் திரும்பி வரும்போது முறிந்த துண்டின் தலையில் உளியால் திருப்புளி பிடிக்கிற மாதிரி ஒரு வெட்டுப் போட்டிருந்தான். அதைச் சுற்றி ஊதுவிளக்குத் தீயைக் காட்டிச் சூடாக்கினோம். ஈரத்துணியால் ஒற்றினோம். மறுபடி சூடு, மறுபடி துணி. பலத்தைக் காட்டாமல் இந்தப் பக்கம் ஒரு நூல், அந்தப் பக்கம் ஒரு நூல் என்று ஆட்டினான். பசு மாட்டுக்குக் கன்று எடுக்கிற மாதிரி அதோடு பேசிக்கொண்டே செய்தான். "வா ஆத்தா, வெளிய வா, ஒனக்கென்ன உள்ள சோலி." வந்தது. அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "ஒம் பலம், வச்சுக்க" என்றான்.

மடியில் துளைகள் சரியாகப் பொருந்தவில்லை. வட்ட அரம் போட்டு ராவி நீளமாக்கினான். பெட்ரோல் குழாய் உரசுகிற மாதிரி இருந்தது, அதைத் தள்ளி வளைத்துக் கட்டினோம். பலகையில் இருந்த ஓட்டையைத் தகரம் வைத்து அடைத்தோம். பிறகுதான் உண்மையான வேலை. புகை கசியாதபடி இடையில் கேஸ்கட்டை வைத்து மடியை ஏற்ற வேண்டும். நல்ல கனம். கீழே ஒருவன் சாக்கில் மல்லாந்து படுத்து, இரண்டு கையாலும் தூக்கி, துளை ஸ்டட்டுக்கு நேராக இருக்கும்படி ஆடாமல் பிடிக்க வேண்டும். மேலே ஒருவன் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விரலை விட்டு நட்டைத் தடவி மரை பிடிக்க வேண்டும். நட்டு நழுவினால் கீழே இருப்பவன் முகத்தில் விழும். தவசி கீழே, நான் மேலே. நழுவியது. பல தடவை நழுவியது.

"கண்ணுல விழுந்துச்சா மாப்ளே?"

"இல்ல, வாயில. ருசியாத்தான் இருக்கு. நீ போடு."

"கை வலிச்சா எறக்கிரு, கொஞ்சம் பொறுத்து ஏத்துவம்."

"பிடிச்சிருக்கேன், நீ போடு."

மேலே இருந்து எனக்கு அவன் முகம் தெரியாது. கை மட்டும்தான் தெரியும். நரம்பு புடைத்து, கரி பூசி, அசையாமல். நடு நட்டு முதலில், பிறகு இரண்டு ஓரமும். முதலில் விரலால் மட்டும். எல்லாம் மரை பிடித்த பிறகுதான் ஸ்பேனர். பிறகு எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றி, ஆறவிட்டு, மறுபடி ஒரு முறுக்கு. அந்தக் கடைசி முறுக்கை விட்டவன் எல்லாம் திரும்பக் கழற்றியிருக்கிறான்.

திங்கட்கிழமை முதலாளி முன்சீட்டில் ஏறினார். நான்கு பக்கமும் தார்ப்பாய். பெண்கள் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். வண்டிச் சத்தமே மாறியிருந்தது. கனத்த குரல், கமறல் இல்லை. முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிறாரா மயங்கிவிட்டாரா என்று தெரியாமல் தவசி ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்து ஓட்டினான். போடிமெட்டில் நிறுத்தியதும் டீக்கடை மலையாளிச் சேட்டன் பால் ஊற்றாத கட்டன்சாயாவோடு ஓடிவந்தார்.

"எப்பிடி இருக்கு முதலாளி?" தவசி ஸ்டீரிங்கை விடாமலே கேட்டான்.

முதலாளி இறங்கி வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "பசிக்குதுடா" என்றார்.

பின்னால் வெள்ளத்தாயி போட்ட குலவைச் சத்தம் மலையில் எதிரொலித்தது.

அங்கே இன்னொன்று நடந்தது. பழைய மேனிபோல்டு பின்னால் கிடந்தது. இரும்புக்கடையில் போடலாம் என்று நான் எடுத்து வைத்திருந்தேன். தவசி அதைத் தூக்கிக்கொண்டு ரோட்டோரம் போனான். கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றான். தலைக்கு மேலே தூக்கிப் பள்ளத்தில் எறிந்தான். பாறையில் பட்டு, அதற்கும் கீழே பட்டு, சத்தம் நிற்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தான். முதலில் தங்காமல் போன பிள்ளை வயிற்றில் இருந்தபோதும் பேச்சி அந்தச் சீட்டில்தான் போய் வந்தாள். அந்த விரிசல் எப்போது விழுந்தது என்று யாருக்குத் தெரியும்? நானும் தவசியும் அதைப் பற்றிக் கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. முதலாளி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு மட்டும் "அப்புறம்?" என்று கேட்கவில்லை.

மறுநாள் அரிசி மூட்டை பின்னால் போனது. பேச்சி முன்சீட்டில் போனாள். பெண் குழந்தை பிறந்தது. இப்போது ஸ்டாண்டில் ஜீப்புக்கு ஜீப்பு ஏறிக் குதிக்கிறாளே, அவள்தான்.

மாயிக்குப் பதில் சொல்ல வேண்டும் இல்லையா? பட்டறையில் கொடுத்தால் ஆயுதம் எல்லாம் இருக்கும், ஸ்டட்டு முறிந்தால் பயப்பட வேண்டாம். நாமே மாட்டினால் எந்த நட்டு எப்படி இருக்கிறது என்று கைக்குத் தெரியும், மேட்டில் வைத்துப் பார்க்கலாம். இரண்டிலும் நல்லது இருக்கிறது. ஆனால் ஒன்று உண்டு, அது ஒற்றை ஆள் வேலை இல்லை.

தவசி போன பிறகு ஒரு நாள் மடியில் கேஸ்கட்டு போய்விட்டது. அதே களத்தில் தனியாகக் கழற்றினேன். கழற்ற முடிந்தது. ஏற்ற முடியவில்லை. கீழே படுத்துப் பிடித்தால் மேலே நட்டுப் போடக் கை இல்லை. மேலே வந்தால் கீழே பிடிக்க ஆள் இல்லை. செங்கலை அடுக்கி முட்டுக்கொடுத்தேன், சரிந்தது. மறுபடி அடுக்கினேன். நட்டை மரையில் வைத்து, பழக்கத்தில், "பிடிச்சிருக்கியா மாப்ளே?" என்று கேட்டுவிட்டேன். செங்கல்தான் இருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். களத்தில் காய் பரப்பிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். வண்டியைப் பட்டறைக்கு அனுப்பச் சொல்லிவிட்டுச் சாவியை முதலாளியிடம் நீட்டினேன். "அப்புறம்?" என்றார். "தவசி இல்ல முதலாளி" என்றேன். வாங்கி மேசையில் வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

இவ்வளவையும் எழுதிவிட்டு இன்றைக்குக் காலை ஸ்டாண்டுக்குப் போனேன். மாயி பொறுக்கவில்லை. மதுரையிலிருந்து குழாய் வாங்கி வந்து, பானட்டைத் திறந்து போட்டு, ஒரு கையால் தூக்கிக்கொண்டு இன்னொரு கையால் நட்டைத் தேடிக்கொண்டிருந்தான். முகமெல்லாம் வேர்வை. சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

"வாங்க ரிட்டயர்டு" என்றான் ஒருவன்.

டீக்கடையில் ஒரு சாக்கை வாங்கி உதறி, வண்டிக்கு அடியில் விரித்து மல்லாந்து படுத்தேன். இரும்பு குளிர்ந்து கிடந்தது. இரண்டு கையாலும் வாங்கித் தூக்கினேன்.

"யாருப்பா அது கீழ?" என்றான் மாயி.

"பிடிச்சிருக்கேன்" என்றேன். "நீ போடு."